ரெண்டரை அங்குலக் குழாய்

மயிலாப்பூரில் சைலன்ஸர் வெல்டிங் செய்துவந்த ஒருவருக்கு ஒரு புருவம் கருகிப்போயிருக்கும். ஓடுகிற இஞ்சினின் புகைக்குழாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார்.

என் பழைய ஃபியட்டில் கார்புரேட்டரை மட்டும் கொஞ்சம் பெரிதாக மாற்றியிருந்தேன். பந்தயக் கார் மாதிரி உறுமவேண்டும் என்று அவரிடம் ரெண்டரை அங்குலக் குழாய் போடச் சொன்னேன். போட்டார், உறுமியது. ஆனால் இழுவை செத்துவிட்டது. ஜெமினி மேம்பாலத்தில் ஆட்டோகூட என்னை முந்திப் போனது.

மறுநாள் காலை நான் ஓட்டவேண்டிய கார்ப் பந்தயம். அழாத குறையாக அவர் முன்னால் போய் நின்றேன்.

கையை நீட்டிப் பார்த்தார். "காத்து சோம்பேறியா வருது. இந்த இஞ்சினுக்கு ஒண்ணரையே போதும். இஞ்சின்லேந்து பொகை வெளிய வர்ற மேனிஃபோல்டுலயும் நாலு குழாய ரெண்டு ரெண்டா சேத்து, அப்பால ஒண்ணாக்கணும். ரெண்டு நாள் ஆவும்."

"நாளைக்கு ரேஸ்ணே! அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"சொன்னேன் நைனா, ரெண்டு வாட்டி. நீ ஆக்சிலேட்டர மிதிச்சிக்கினே இருந்த."

குழாய் போட்ட அன்று பின்கண்ணாடியில் அவர் வாய் அசைந்ததைப் பார்த்திருந்தேன். பாராட்டுகிறார் என்று நினைத்து, கைகாட்டிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.