கெடாமல் இருக்க ஒரு சிட்டிகை

நரிக்குடி வட்டாரத்தில் கறியைக் கெடாமல் காப்பதில் கோட்டைச்சாமியை மிஞ்ச ஆள் கிடையாது. மஞ்சளும் உப்பும் பிசைந்து அவர் காயப்போடும் உப்புக்கண்டம் ஆறு மாதம் தாங்கும். இந்தப் பெருமையை விட்டுவிட்டு அவர் சரித்திரத்தை எழுத முடியாது.

அவர் மனைவி தங்கம்மாளுக்குக் கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். அருப்புக்கோட்டை டாக்டர் அதில் மிளகளவு சதையை வெட்டி, மருந்துத் தண்ணீர்க் குப்பியில் போட்டு, மதுரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே சதைக்குச் சாயம் ஏற்றி லேசர் நுண்ணோக்கியில் வைப்பார்கள், அடுக்கடுக்காக ஒளிரும், புற்றா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மதுரை பஸ் பாளையம்பட்டியில் நின்றதும் கோட்டைச்சாமி இறங்கி, மஞ்சள்தூள் பொட்டலத்தோடு ஏறினார்.

"டாக்டரு தொறக்கக் கூடாதுன்னாரே," என்றாள் தங்கம்மாள், வாயில் பஞ்சோடு.

"அவுக படிப்பு வேற. வெறுந் தண்ணியில கறி எம்புட்டு நேரம் தாங்கும்?"

"அது கறியில்லங்க. என் கன்னம்."

"அதான பாத்துப் பாத்துச் செய்றேன்."

ஒரு சிட்டிகை போட்டு மூடினார்.

நான்காம் நாள் ஆய்வுக்கூடத்து ஹேமலதா திரையைக் காட்டினாள். சதை முழுக்கப் பச்சையாக மின்னியது.

"இதுல என்னய்யா போட்டீங்க?"

"மஞ்சத்தூளு. கெட்டுருச்சா தாயி?"

"கெடலை. லேசர் பட்டா மஞ்சளும் ஒளிரும். எங்க சாயம் எது, உங்க மஞ்சள் எதுன்னு பிரிக்க முடியலை. மறுபடி வெட்டி எடுத்துட்டு வாங்க."

தங்கம்மாள் மசியவில்லை. "ஒருக்கா வெட்டுனது போதும். பொங்கல் கழியட்டும்." பொங்கல் கழிந்தது. பிறகு ஆடுகள் குட்டி போட்டன. பிறகு மாசிக் களரித் திருவிழா. சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கும்பிட்டு நிமிர்ந்தபோது அவள் தாடை வீங்கியிருந்தது.

இரண்டாவது துண்டைக் கோட்டைச்சாமி மடியில் வைத்து, குப்பியைத் திறக்காமலே கொண்டுபோனார். படம் தெளிவாக விழுந்தது. புற்றுதான். அதற்குள் கழுத்துவரை பரவியிருந்தது. முதல் துண்டிலேயே தெரிந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, கோட்டைச்சாமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆனியில் தங்கம்மாள் போய்ச்சேர்ந்தாள்.

சுமங்கலியைக் குளிப்பாட்டிய பெண்கள் முகத்தில் பூச மஞ்சள் தேடினார்கள்.

"மஞ்சத்தூளு எங்கண்ணே இருக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கச்செல்வி.

"தீந்துபோச்சுத்தா."

அடுப்படியில் ஒரு டப்பா நிறைய இருந்தது. அதன்மேல் தோள்துண்டைப் போட்டு மறைத்துவிட்டுத்தான் அவர் வெளியே வந்திருந்தார்.