சிறுத்தையின் முதுகில் ஐந்து விரல்

நாபோருக்கு எங்கள் ஊரில் 'உள்ளங்கை' என்று பெயர். மரத்தில் மிருகங்கள் செய்து விற்கும் ஊரில் ஒருவனுக்கு உளியை வைத்தோ தூரிகையை வைத்தோ பட்டப்பெயர் வந்தால் மரியாதை. இவனுக்கு உள்ளங்கையை வைத்து வந்தது. ஓஹாகா நகரத்திலிருந்து வேனில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, கள்ளியில் வளரும் சாயப்பூச்சி ஒன்றை எடுத்துக் கையில் வைத்து நசுக்குவான். ரத்தச் சிவப்பு. எலுமிச்சையைப் பிழிவான், ஆரஞ்சாக மாறும். சுண்ணாம்பைத் தொட்டு வைப்பான், ஊதாவாகும். "எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து இதுதாம்மா எங்க பெயிண்ட்டு. கடைச் சரக்க நாங்க கையால தொடமாட்டோம்" என்பான். சரியாக அந்த இடத்தில் கண் கலங்கும். கடைசியில் அதே ஈரக் கையால் பக்கத்தில் நிற்கும் முயலையோ ஓணானையோ முதுகில் பட்டென்று தட்டி, "தூக்கிப் பாருங்க" என்பான். அவர்கள் தூக்குவார்கள், வாங்குவார்கள்.

அந்த முயலுக்கும் ஓணானுக்கும் வண்ணம் தீட்டியது அவன் மனைவி காசில்டா. தீட்டியது கடையில் டப்பாவில் விற்கும் அக்ரிலிக் பெயிண்ட்டில். பின்னறையில் டப்பாக்களுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருப்பாள். யாராவது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால், "குழந்தை தூங்குது, சத்தம் போடாதீங்க" என்று நாபோர் வாயில் விரல் வைப்பான். அந்த வீட்டுக் கடைசிக் குழந்தைக்கு மீசை முளைத்து, அது வடக்கே கட்டட வேலைக்குப் போய்ப் பல காலமாகிவிட்டது.

காசில்டாவுக்கு அக்ரிலிக் மேல் வெட்கம் ஒன்றும் கிடையாது. அதைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். முதலில் இயற்கைச் சாயப்பொடி வாங்கிப் பார்த்தாள். ஜன்னல் வெயிலில் நின்ற குதிரை ஒரே கோடையில் கழுதை நிறத்துக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு கிரிஸ்பின் வீட்டில் எனாமல் அடிப்பார்கள். "கதவுக்கு அடிக்கிறத கொண்டாந்து ஆந்தைக்கு அடிச்சிருக்காங்க. தாழ்ப்பாள் மட்டும்தான் வைக்கல" என்பாள். பளபளப்பு உளி போன தடத்தை மூடிவிடும் என்பது அவள் கட்சி. அக்ரிலிக் சீக்கிரம் காயும், கோடு கலங்காது, விலைக்குத் தகுந்த சரக்கு. பொய் சொல்லி விற்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அதைவிடப் பொறுக்க முடியாத ஒன்று மிருகத்தின் வயிற்றடியில் இருந்தது. அங்கே நாபோர் என்று எழுதியிருக்கும்.

ஊர் வழக்கம் அது. ஆண் செதுக்குவான், பெண் தீட்டுவாள், அடியில் ஆண் பெயர் நிற்கும். கூச்சநாச்சம் இல்லாத வழக்கம். நாபோர் சுமாராகச் செதுக்குவான், அதை மறுக்கக் கூடாது. ஆனால் வாங்குகிறவர்கள் விரலால் தடவிப் பார்ப்பது முதுகில் எறும்பு வரிசைபோல் போகும் அந்தப் புள்ளிகளை. அவற்றில் ஒன்றுகூட அவன் வைத்ததில்லை.

அந்த வருஷம் பக்கத்து டவுன் ஓகோட்லானில் மரச்சிற்பப் போட்டி வைத்தார்கள். வண்ணத்துக்கென்றே தனிப் பரிசு. இயற்கைச் சாயம் மட்டும்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஊரே நாபோரைத்தான் திரும்பிப் பார்த்தது. இத்தனை காலம் அடித்த தம்பட்டத்துக்குப் பிறகு பின்வாங்கவும் முடியாது. வாசலில் நின்றபடியே மார்தட்டி ஒப்புக்கொண்டுவிட்டு, உள்ளே வந்து குழைந்தான்.

"காசில்டா, ஒரே ஒரு சிறுத்தை. நான் செதுக்கித் தர்றேன். நீ பூச்சிச் சாயத்துல அடிச்சுக் குடுத்துரு."

"ஏன், நீதான் கடைச் சரக்கத் தொடாத பரம்பரையாச்சே? நீயே அடி."

"வெளையாடாத புள்ள. எனக்குத் தூரிகை புடிச்சா கை நடுங்குது."

"பொய் சொல்றப்ப நடுங்கலியே?"

அவன் சிரித்து மழுப்பினான். காசில்டா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அடிக்கிறேன். ஆனா வண்ணம்னு பரிசு குடுக்குற எடத்துல எம் பேரு இருக்கணும். செதுக்குனது நாபோர், தீட்டுனது காசில்டா. சரின்னா சொல்லு, இல்லன்னா எனக்கு முயலு கெடக்கு."

"போட்டுடறேன். மாதா மேல சத்தியம்."

அவள் நம்பினாள். நம்பியதால் அந்தச் சிறுத்தைக்கு அவள் செய்ததை யாருக்கும் செய்ததில்லை. துண்டுப் பலகைகளில் ஒவ்வொரு சாயமாகப் பூசி வெயிலில் தொங்கவிட்டாள். சாமந்தி மஞ்சள் வெளிறிப்போனது, தூக்கி எறிந்தாள். அவுரி நீலம் நின்றது, புள்ளிக்கு எடுத்துக்கொண்டாள். உடம்புக்குப் பூச்சிச் சாயத்தில் சுண்ணாம்பு சேர்த்து ஓர் ஊதாவைப் பிடித்தாள். முன்னிரவில் மலை நிற்கும் நிறம் அது. அக்ரிலிக் டப்பா எதிலும் அது இல்லை என்பதை அவளே ஒப்புக்கொண்டாள். மேலே மரப்பிசின் பூசினால்தான் சாயம் கட்டுப்படும், எது பட்டாலும் நிறம் மாறாது. அதற்குச் சாயம் முழுக்கக் காய வேண்டும். "கடைசிப் பூச்சு ஆகுற வரைக்கும் இத ஒருத்தரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மறுநாள், போட்டியன்று காலையில், சோளம் அரைக்க மில்லுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது சிறுத்தை இல்லை. போட்டி மண்டபத்தில் வாசல் பக்கத்து மேசையை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாது என்று நாபோர் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு முதல் வண்டியிலேயே போய்விட்டிருந்தான். அவனுக்குப் பிசின் பூச்சு ஒரு சடங்கு, அவ்வளவுதான். காசில்டா பிசினையும் தூரிகையையும் சுண்ணாம்பு டப்பியையும் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வண்டி பிடித்தாள்.

அவள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது நடுவர் அம்மாள் அவர்கள் மேசைக்கு முன்னால்தான் நின்றிருந்தாள். சுற்றிலும் ஊர் ஆண்கள், கிரிஸ்பின் உட்பட. நாபோர் பூச்சியை நசுக்கிவிட்டான், எலுமிச்சையையும் பிழிந்துவிட்டான். கண்ணும் கலங்கிவிட்டது. "தொடாத!" என்று காசில்டா கத்துவதற்குள், பழக்க தோஷத்தில், எலுமிச்சை சொட்டும் கையால் சிறுத்தையின் முதுகில் பட்டென்று தட்டினான்.

கையை எடுத்தான். ஊதா முதுகில் ஐந்து விரலும் ஆரஞ்சு நிறத்தில் பதிந்திருந்தன. நாபோர் தன் கையைப் பார்த்தான், சிறுத்தையைப் பார்த்தான். தான் ஆயிரம் பேருக்குக் கையில் காட்டிய வித்தை மிருகத்தின் முதுகிலும் பலிக்கும் என்று அந்த மடையனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நிஜச் சாயந்தான், சந்தேகமில்ல" என்றாள் நடுவர் அம்மாள். யாரோ சிரித்தார்கள். "இவ்வளவு நல்ல ஊதாவ நான் பார்த்ததில்ல. தீட்டினவங்க இத இங்கயே சரி பண்ண முடியும்னா, நான் காத்திருக்கேன். யார் தீட்டினது?" சிறுத்தையைச் சாய்த்து அடியைப் பார்த்து வாசித்தாள்: "நாபோரும் குடும்பமும்."

காசில்டா கிட்டே வந்து அந்த எழுத்தைப் பார்த்தாள். "யோவ், எம் பேரு எங்க?"

"அதான் போட்டிருக்கேனே" என்றான் நாபோர் தாழ்ந்த குரலில். "குடும்பம்னா நீதானே?"

"பாதிரியார் எனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப குடும்பம்னா பேரு வச்சாரு?"

அவள் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "கொஞ்ச நேரத்துல பழையபடி ஊதா ஆக்கிடுவேன்மா. மொதல்ல பேர மாத்தி எழுதுங்க."

"போட்டிக்குப் பேர் பதிஞ்சவர் சொன்னா மாத்தறேன்" என்ற நடுவர், நாபோர் பக்கம் திரும்பினாள். "வண்ணம் உங்க மனைவி தீட்டினதுதானே? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

ஒரு வார்த்தை. ஆமாம் என்று சொன்னால் போதும், பரிசு அந்த வீட்டுக்குத்தான். நாபோர் வாயைத் திறந்தான். கிரிஸ்பின் தொண்டையைக் கனைத்தான். சுற்றி நின்ற ஆண்களில் ஒருவன் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஒவ்வொருவன் மேசையிலும் மனைவி தீட்டிய மிருகம் அவன் பெயரில் நின்றுகொண்டிருந்தது. நாபோர் அவர்களைப் பார்த்தான். பொய்யை அத்தனை சரளமாகச் சொல்லும் வாய்க்கு அந்த ஓர் உண்மை வரவில்லை. மனிதன் அவ்வளவுதான்.

"குடும்பம்னே இருக்கட்டும்மா" என்றான்.

காசில்டா சுண்ணாம்பு டப்பியை மூடிப் பைக்குள் போட்டாள்.

"அப்ப அந்தக் குடும்பத்தையே வந்து சரி பண்ணச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.