கீறல் அழிந்த கல்

தேனாம்பேட்டையில் ஒரு வீட்டு அம்மியைக் கொத்திக்கொண்டிருந்தேன். ஜட்கா ஓட்டும் காதர் பாய் வண்டியை நிறுத்தி, "முன்சாமி, உங்க கல்லு ஐயரு காலைல பூட்டாருப்பா" என்றார். உளி இடம் மாறி விழுந்தது. பாதி அம்மியை அப்படியே போட்டுவிட்டு மயிலாப்பூருக்கு ஓடினேன். அதற்குள் அவரை எடுத்துவிட்டார்கள். எங்கே போனாலும் எனக்கு முன்னால் கிளம்புகிறவர்தான்.

காலேஜில் கல்லைப் பற்றிப் பாடம் சொன்ன ரகுநாதையரை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். நான் அறிந்ததைச் சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை.

அவர் கொண்டுவரும் கல்லை உடைத்துச் செதுக்கிக் கொடுப்பது என் வேலை. ஒரு நாள் கோடு கோடாகக் கீறல் விழுந்த இரண்டு கல்லைக் காட்டினார். ஒன்று நிலக்கரிப் படுகைக்குக் கீழே கிடைத்தது. மற்றது அதற்கும் வெகு ஆழத்து அடுக்கில் எடுத்தது. "இதுக்கு அடியை மட்டும் தட்டையாக்கிக் கொடுடா, மேஜையில நிக்கணும்" என்று ஆழத்துக் கல்லை என்னிடம் கொடுத்தார். கல்லைக் கீறலோடு திருப்பித் தருவது எங்கள் தொழிலுக்கு அவமானம். முழுக் கல்லையும் மணல் போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கிக் கொண்டுபோய் நீட்டினேன்.

ஐயர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கோடெல்லாம் பனி இழுத்துண்டு போறச்சே கீறினதுடா!"

"கப்பல்ல கொண்டாந்து ஐஸ்ஹவுஸ்ல எறக்குனாங்களே, அந்த ஐஸா சாமி?"

"கடங்காரா! கோடி கோடி வருஷத்துக்கு முந்தி, பூமியையே மூடின ஐஸ். மேல் அடுக்கு பின்னாடி வந்தது, கீழ் அடுக்கு முன்னாடி வந்தது. கல்லுக்குப் பஞ்சாங்கம் அவ்வளவுதான். பனி ஒரு தடவை இல்லே, ரெண்டு தடவை வந்துதுன்னு சொல்ல எனக்கு இருந்த ஒரே சாட்சி இது."

கல்கத்தாவிலிருந்து பெரிய துரை ஒருவர் அதைப் பார்க்கத்தான் வருகிறாராம். இடுப்பிலிருந்த உளியை உருவினேன்.

"கோடுதானே சாமி? பழையபடி போட்டுக் குடுக்கறேன். எந்தத் துரைக்கும் தெரியாது."

"நீ போட்டா அது உன் வயசைத்தான் சொல்லும்" என்றார். கோபத்தில் பாதி, சிரிப்பில் பாதி.

துரை வந்த அன்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் எனக்கு எங்கே புரியும்? மேஜையில் ஒரு கல்தான் இருந்தது. துரை உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். இன்னா சொன்னீங்க சாமி என்று பின்னால் கேட்டேன். "ரெண்டாவது கல் என் கவனக்குறைவால போச்சுன்னேன்" என்றார். என் பேர் அந்த அறையில் வரவேயில்லை.

அப்புறம் லீவு விட்டால் அந்த ஆழத்து அடுக்கைத் தேடிப் போய்விடுவார். கீறல் உள்ள கல் இன்னொன்று கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்த வழவழப்பான கல் என்னிடம்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் எந்தக் கல்லையும் நாலு பக்கமும் திருப்பி, வெயிலில் சாய்த்துப் பார்த்த பிறகுதான் உளியை வைக்கிறேன். நேற்று பாதியில் விட்ட அம்மியை முடிக்கப் போனேன். அந்த வீட்டம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னா நைனா, கொத்த வந்தியா, அம்மியைப் பொண்ணு பாக்க வந்தியா?"

"கொஞ்சம் இரும்மா" என்று இன்னொரு முறை திருப்பினேன்.