கருவிழியின் ஓரத்தில் கொஞ்சம்

போன வாரம் நாகர்கோவிலில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்த என்னிடம் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டெம் செல் ஆராய்ச்சி போற வேகத்துக்கு, இனி வாறவங்களுக்கு விழுந்த பல்லு திரும்ப முளைக்கும் சார்."

தலையை மட்டும் ஆட்டினேன். பேச முடிந்திருந்தால் வின்சென்ட்டைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

வின்சென்ட் என்னோடு காலேஜில் படித்தவன். கீரிப்பாறை போகிற வழியில் ஒரு ரப்பர் பால் கம்பெனியில் சூப்பர்வைசர். பால் உறைந்துவிடாமலிருக்க அமோனியா கலப்பார்கள். ஒருநாள் அந்தக் குழாய் பிய்த்துக்கொண்டது... நேராக முகத்தில். இரண்டு கண்ணும் வெந்து வெள்ளை படர்ந்துவிட்டது.

ஸ்டெம் செல் என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது அப்போதுதான். கருவிழியின் ஓரத்தில் இருக்குமாம். கண்ணின் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது அதுதானாம். ஒரு கண் மட்டும் போயிருந்தால் மற்றதிலிருந்து துளி எடுத்து வைக்கலாம். இவனுக்கு எங்கே போவது?

அவன் தங்கை ஸ்டெல்லா கொடுத்தாள். அவள் பார்வைக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள், ஆகவும் இல்லை. ஆனால், அதற்கப்புறம் பெண் பார்க்க வந்தவர்கள் "கண்ணு குடுத்த பிள்ளையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவள் அதை வீட்டில் ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை.

வின்சென்ட்டுக்கு வலது கண்ணில் பார்வை வந்தது. முதலில் பார்த்தது அவளைத்தான். "என்னட்டி இப்பிடி மெலிஞ்சு போனே?" என்றான். அவள் அழுதாள். நான் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

இந்த இடத்தில் கதையை முடித்துவிடத்தான் ஆசை.

அடுத்தவருடைய திசுவை உடம்பு சும்மா விடாது. அந்த எதிர்ப்பை அடக்க மாத்திரை. மாத்திரை கிட்னியைப் பிடித்தது. மாத்திரையை நிறுத்தினார்கள்.

பல் வலி அடங்கியதும் அவன் வீட்டுக்குப் போனேன். "வா மக்கா, இரி" என்றான் — என்னைப் பார்த்து அல்ல, வாசலைப் பார்த்து.

"கண்ணு எப்பிடி இருக்கு?"

குரலைத் தாழ்த்தினான். "மங்கிட்டு மக்கா. இப்பம் வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது. அவகிட்ட சொல்லாண்டாம். மறு கண்ணுல இருந்தும் எடுங்கன்னு நிப்பா. மாத்திரை இல்லாம அதுவும் நிக்காது."

ஸ்டெல்லா சாயாவோடு வந்தாள். அவன் சத்தம் வந்த பக்கம் திரும்பி, "இந்தப் பச்சைச் சேலை ஒனக்கு நல்லா இருக்குட்டி" என்றான்.

அவள் கட்டியிருந்தது நீலம்.

"ஆமாண்ணே" என்றாள்.

கேட் வரை என்னோடு வந்தாள். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன்.

"எனக்குத் தெரியும்ணே," என்றாள். "ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போய்க் கேட்டேன், மறு கண்ணுல இருந்து எடுத்துக்கிடுங்கன்னு. எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாவ. இனி அண்ணனுக்குச் செய்ய ஒண்ணும் இல்லியாம். நான் போனது அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

இரண்டு பேருக்கும் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

விஞ்ஞானம் ஒருநாள் எல்லோருக்கும் வரும் என்கிறார்கள். வின்சென்ட்டுக்கு வந்தது... கொஞ்ச நாள் இருந்தது... போய்விட்டது.