காதர் பாய் சொன்ன கடைசி ரீல்

நேற்றுக் காலை காதர் பாயின் மகள் போன் செய்தாள். "அத்தா தவறிட்டாருங்க" என்றாள். எழுந்து சட்டை மாட்டவே எனக்கு வெகுநேரம் பிடித்தது. இந்த வயதில் சாவுச் செய்தி கேட்டால் அழுகைக்கு முன்னால் அசதிதான் வருகிறது.

கள்ளக்குறிச்சியில் எங்கள் சினிமாக் கொட்டகைக்கு அவர் மேனேஜர், நான் ஆபரேட்டர். இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் டிக்கெட்டுக்காக அவரிடம் சண்டை போட்டிருப்பீர்கள். "மெதுவா பேசுங்க, படத்துலயே சத்தம் ஜாஸ்தி" என்பார்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த எண்பதுகளில் ஒரு நாள். கடலிலிருந்து எழுந்து வந்து ஊரை மிதிக்கும் ராட்சத மிருகத்தின் படம் போட்டிருந்தோம். சின்னசேலத்துக்கும் எங்களுக்கும் ஒரே பிரிண்ட். அங்கே ஓடிய ரீல் பெட்டி பெட்டியாக பஸ்ஸில் வரும். முதல் நாள் மேட்னியில் கடைசிப் பெட்டி வரவில்லை. வழியில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். எங்கள் வாசலில் போலீஸ் வேன். ரோட்டில் அகப்பட்ட ஆண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, நைனார்பாளையத்திலிருந்து வந்திருந்த இளவட்டங்கள் வெளியேற எழுந்தார்கள்.

பாய் திரைக்கு முன்னால் ஏறி நின்றார். "உக்காருங்க. கடைசி ரீல் வர்ல. நான் பாத்துட்டேன், சொல்றேன்."

பாய் சொல்லச் சொல்ல, விமானங்கள் வந்தன. மிருகம் முங்கியது, எழுந்தது, குண்டு பட்டுக் கரையில் சாய்ந்தது. செத்துவிட்டது என்று கூட்டம் எழும்போதெல்லாம், வேன் இன்னும் போகவில்லை என்று டிக்கெட் கிழிப்பவர் கதவருகிலிருந்து கையாட்டுவார். பாய் மிருகத்தை மறுபடி எழுப்புவார். அந்தி வரைக்கும் இழுத்தார்.

"அது இன்னாதான் தப்பு பண்ணுச்சி?" என்று ஓர் அம்மா கேட்டாள்.

பாய் அந்த அம்மா பக்கம் திரும்பினார். "வழி தெரியாம வந்துடுச்சிம்மா. அவ்ளோதான்."

வேன் போய்விட்டது என்று சைகை வந்தது. "அது கடலுக்கே திரும்பிப் போயிடுச்சி. இனிமே யாரும் அத சுட முடியாது. நீங்களும் கூட்டம் கூடாம வூட்டுக்குப் போங்க" என்றார். தொண்டை கட்டி, கடைசி வார்த்தைகள் வெறும் காற்றாகத்தான் வந்தன. எங்கள் கொட்டகையிலிருந்து அன்று ஒருவரும் பிடிபடவில்லை.

கதவைப் பூட்டும்போது, "நெஜமாவே இப்டிதான் முடியுதா பாய்?" என்று கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன்ப்பா" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பாதை திறந்து பெட்டி வந்தது. படத்தில் மிருகம் செத்துப்போகிறது. மறுபடி பார்க்க வந்த ஒருவர், "போயிடுச்சின்னு சொன்னீங்களே பாய்" என்று குறைப்பட்டார்.

"அன்னிக்கு போயிடுச்சிங்க" என்றார் பாய்.

அந்த ரீலை அப்புறம் எத்தனையோ காட்சி ஓட்டினேன். அது செத்து விழும் இடம் இப்போது சரியாக நினைவில்லை. நேற்று அவரை அடக்கம் செய்துவிட்டு வரும்போது என் கண்ணுக்குள் தெரிந்தது, பாய் சொன்ன மிருகம்தான். எங்களுக்கு முதுகைக் காட்டி, அவசரமில்லாமல், தண்ணீருக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த முடிவையே நான் வைத்துக்கொள்கிறேன்.