மாப்பிள்ளைக்கு வந்த லாக்

ஜெட் லாக் என்றால் ஒரு வகை வலிப்பு என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. நம்பி, ஒரு மனிதரின் கையில் எங்கள் வீட்டு பீரோச் சாவிக்கொத்தைத் திணித்தேன். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்துக் கைவைத்தியம். இதில் ஒரே சங்கடம், அந்த மனிதர் அப்போது என் தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தார்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தேழு வயது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், சரக்குப் பெட்டிகளின் மேல் வெளிநாட்டுத் துறைமுகங்களின் பெயர்களை மையால் அடித்துவிட்டு, மறுபடி தொங்கிக்கொண்டு வருவேன். அந்தப் பெயர்களை அடித்த புண்ணியத்தில் வீட்டில் எனக்கு வெளிநாட்டு விவகாரம் தெரிந்தவன் என்று ஒரு மரியாதை. கடலையே நான் அதுவரை திருச்செந்தூரில் ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதையும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

தங்கை பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதற்கு முன் நாலு பேர் வந்து அவளைப் பார்த்துவிட்டு, நாலு விதமான குறை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவருக்கு உயரம் கூடுதல், இன்னொருவருக்குப் படிப்பு கூடுதல். இந்த ஐந்தாவது வரன் வந்தபோது அவள் அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "இதுதான் கடைசி. இதுவும் ஆகலைன்னா இனி எவன் முன்னாலயும் காபித் தட்டோட வந்து நிக்க மாட்டேன்." அப்பா போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷனையே அதட்டியவர், அவளிடம் "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அம்மா போன பிறகு அவருக்கு வேறு வார்த்தையே வருவதில்லை.

மாப்பிள்ளை அமெரிக்காவில் எஞ்சினியர், சொந்த ஊர் ராஜபாளையம். லீவு மிகக் கொஞ்சம். பம்பாயில் இறங்கி, மதராஸுக்கு வேறு விமானம் பிடித்து, அங்கிருந்து ரயிலேறி விடியற்காலையில் வீடு சேர்ந்தவரை, நல்ல நேரம் தவறிவிடும் என்று குளிக்க வைத்து அப்படியே எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். காலை பதினொரு மணி. கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே அவரை உட்கார வைத்தோம். பெரியம்மா பால்கோவா கொடுத்தார். ஒரு துண்டைக் கையில் எடுத்தவர், அதை வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் தூங்கிப்போனார்.

தங்கை காபித் தட்டோடு வந்து நின்றாள். அவர் தலை மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தது. அவருடைய தாய்மாமன் விலாவில் இடித்து, "மாப்ளே, பொண்ணு வந்திருக்கு" என்றார். கண் பாதி திறந்தது. வெள்ளை மட்டும் தெரிந்தது. மறுபடி மூடிக்கொண்டது. அப்பா என்னைப் பார்த்தார். வெளிநாட்டு விவகாரம் தெரிந்தவன் நான்தானே.

"ஒண்ணுமில்ல தம்பி, ஜெட் லாக்" என்றார் தாய்மாமன்.

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். எங்கள் கம்பெனியில் மெஷின் நின்றால் லாக், லோடு ஏற்றுபவருக்கு இடுப்பு பிடித்தால் லாக். ஜெட்டில் ஏறினால் உடம்பு முழுக்க லாக் ஆகும் போலிருக்கிறது, அதை மறைத்துப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் கணக்குப் போட்டேன். பயத்தில் எனக்குக் கை உதறியது. பார்த்தவர்கள் சாவியை என்னிடம் கொடுத்திருந்தாலும் நியாயம்தான். உள்ளே ஓடினேன். பீரோவிலிருந்து கொத்தோடு உருவி வந்து, பால்கோவா இல்லாத கையில் வைத்து விரல்களை அழுத்தி மூடினேன்.

"ஏலே, என்ன செய்யுத?" என்றார் அப்பா.

சாவியைப் பார்த்த மறுநொடி பெரியம்மா, "அய்யய்யோ, வலிப்பா?" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றார். "எம் பிள்ளைக்கு வலிப்புன்னு எவன் சொன்னான்?" அந்தச் சத்தத்தில்தான் மாப்பிள்ளை கண் விழித்தார். வழியெல்லாம் ஏர்போர்ட்டும் ஓட்டலுமாக வந்த மனிதர். கையிலிருந்த சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிகுந்த நன்றியோடு கேட்டார்: "ரூம் எந்த மாடி?"

எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. அவர்கள் வந்த கார் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டது.

மறுநாள் ராஜபாளையத்தில், எங்கள் கம்பெனியில் பஞ்சும் பேண்டேஜும் வாங்குகிற டாக்டரிடம் போய், லாக் எடுக்க ஊசி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்து முடிக்கும்வரை நோயாளிகள் காத்திருந்தார்கள். முதலில், வலிப்பு வந்தவருக்கும் சாவி கொடுக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று திட்டினார். பிறகு சொன்னார்: "இங்க பகல்னா அங்க ராத்திரி. ஆள் வந்துட்டான், உடம்பு இன்னும் வந்து சேரலை. அம்புட்டுதான். மில்லுல ராத்திரி ஷிப்ட் மாறுற ஆளுகளைப் பார்த்ததே இல்லையாடா நீ?"

பார்த்திருக்கிறேன். தினம் பார்த்தேன். ஷிப்ட் மாறுகிற வாரத்தில் சிவந்த கண்ணோடு பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவார்கள். பட்டப்பகலில் ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு உள்ளே படுத்திருப்பார்கள். பிள்ளைகளிடம், சத்தம் போடாதீங்க என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் நாளெல்லாம் கிசுகிசுத்துக்கொண்டிருப்பார்கள். விமானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காத பாதி ஊருக்கு அந்த நோவு இருந்தது. அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்து, நல்ல சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைத்ததும் எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால், சாவி கொடுத்ததைவிட இதுதான் பெரிய முட்டாள்தனம்.

வரன் போய்விட்டது என்று அப்பா முடிவு செய்திருந்தார். தங்கையிடம் மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு போய் உட்கார்ந்தேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, முன்னால வந்த நாலு பேரும் என்னைப் பார்த்தாங்க. நான் அவங்க கால் விரலைத்தான் பார்த்தேன். இவரைத்தான் செத்த நேரம் நின்னு மூஞ்சியப் பார்க்க முடிஞ்சுது. புருவத்துல ஒரு தழும்பு இருக்கு. காதுல ரெண்டு முடி."

"பிடிச்சிருக்கா?"

"அம்புட்டுத் தூக்கத்துலயும் பால்கோவாவக் கீழ போடல. நீ சாவியத் திணிச்சப்பகூடக் கையை உதறல." சிவப்புப் பேனாவை மூடினாள். "முழிச்சிருக்கும்போது எப்படின்னு பார்க்கணும். அவர் எப்ப முழிச்சிருப்பாரோ அப்ப வரச் சொல்லு."

டாக்டர் கணக்குப்படி அவர் விடியற்காலையில்தான் முழு விழிப்பில் இருப்பார். அந்த நேரத்தில் யாராவது பெண் பார்க்க வருவார்களா? இங்கேதான் என் மூளை வாழ்நாளில் ஒரு தடவை உருப்படியாக வேலை செய்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா வாசலிலேயே நிறுத்தி, "என்ன தம்பி, இன்னைக்கு என்ன கொண்டாந்திருக்கீக, கடப்பாரையா?" என்றார். வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவர் ஓய்ந்ததும், பிரம்ம முகூர்த்தத்தில் பார்த்தால் எந்தத் தோஷமும் நிற்காது என்று ஜோசியர் சொன்னதாகச் சொன்னேன். அந்த ஜோசியர் நான்தான். உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது: "அம்மா, சரின்னு சொல்லு."

இரண்டு நாள் கழித்து, கோழி கூவுவதற்கு முன் வந்தார்கள். மாப்பிள்ளை தேய்த்த சட்டைபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லோரும் கொட்டாவி. தாய்மாமன் சுவரோரம் சாய்ந்தார். பெரியம்மா அடுப்படியில் சாய்ந்தார். அப்பா போலீஸ்காரர் ஆனதால் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். நான் கண்காணிப்பாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது வரை நினைவிருக்கிறது. பால்காரர் மணிச்சத்தத்தில் விழித்தபோது அவர்கள் இருவரும் ஆளுக்கொரு காபியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். லீவு முடிவதற்குள் கல்யாணம் நடந்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து நானே விமானமேறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். விமானத்தில் கால் மரத்துப்போனதும், டாக்டர் சொன்னதெல்லாம் மறந்து, சரி, லாக் ஆகிவிட்டது என்று பதறி, நடைபாதையில் தோப்புக்கரணம் போட்டேன். பக்கத்து இருக்கை வெள்ளைக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். போன மறுநாள் மத்தியானம் தட்டில் கை வைத்தபடியே தூங்கினேன். மாப்பிள்ளை என்னைப் படுக்க விடவில்லை. "மச்சான், உக்காராதீங்க. வெயில்ல ஒரு நடை நடங்க, உடம்புக்கு இது பகல்னு தெரியணும்" என்று தோளில் கை போட்டுத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போனார். தூக்கத்தைத் தள்ளிப்போட எதையாவது பேச வேண்டுமே என்று, அந்த விடியற்காலையில் இருவரும் அப்படி என்னதான் பேசினீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் ஞாபகமில்ல மச்சான். முதல்ல அவ கேட்டது மட்டும் ஞாபகமிருக்கு. 'நான் உங்களோட அவ்வளவு தூரம் வந்துட்ட பொறவு, எங்க அப்பாவுக்கு ஒண்ணுன்னு ராத்திரியில போன் வந்தா, நீங்க எந்திரிப்பீங்களா?'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எந்திரிப்பேன்னேன். வேற என்ன சொல்ல?"

அதற்குப் பிறகு ஓரிரு வருஷத்தில், ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்த அப்பா விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் நின்று நம்பரைச் சுழற்றினேன். அங்கே நடுராத்திரி. எவ்வளவு நேரம் மணி அடிக்க வேண்டியிருக்குமோ என்று சுவரில் சாய்ந்துகொண்டேன். முதல் மணி முடியும் முன் எடுத்தார். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே, "இருங்க மச்சான், அவளை எழுப்புதேன்" என்றார்.

அவர்களால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. மூன்றாம் நாள் முற்பகலில் வந்தார்கள். கூடம் நிறையப் பெண்கள். தங்கை உள்ளே வந்தாள், அப்பாவின் படத்துக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், தூங்கிவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஒப்பாரி நின்றது. யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உடம்பு இன்னும் வந்து சேரலை, பெரியம்மா" என்றேன்.

மாப்பிள்ளை ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவள் தலையைச் சாய்த்து வைத்தார். பெண்கள் எழுந்து முற்றத்துக்குப் போய் மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற நேரத்தில் அவள் எழுந்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.