பொங்கலுக்குள் ஓர் எஞ்சின்

பழைய வண்டியை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் வண்டிக்கு என்ன கோளாறு என்று முதலில் சொல்வதில்லை. இதற்கு முன் யார் யார் பார்த்துக் கைவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் ஒரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு, தினமும் காலையில் உதைத்து உதைத்துக் கால் வலித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள்தான்.

என் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் படித்தேன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் ஒப்பந்த வேலை. நகர்ந்து வரும் வண்டியில் ஒரே இடத்தில் நான்கு போல்ட் முடுக்குவேன். அடுத்த வண்டி வரும். அதே நான்கு போல்ட். ஒப்பந்தம் முடிந்ததும் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பிவந்து, வீடு வீடாகப் போய்ப் பழைய வண்டிகளைப் பழுது பார்க்கப் போகிறேன் என்றேன். அம்மா சண்டை போடவில்லை. பொங்கல் வரைக்கும் பார், அதற்குள் ஜனங்கள் உன்னை நம்பி ஒரே ஒரு எஞ்சினையாவது திறக்க விட்டால் இங்கேயே இரு, இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் கூப்பிடுகிறபடி ஒரகடத்துக்கே போ என்று சொல்லிவிட்டார்.

நியாயமான கெடுதான். பிரேக் கட்டை, செயின், பிளக் என்று மேல்வேலைக்கு என்னைக் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். எஞ்சின் என்று வாயைத் திறந்தால் மட்டும், அதை டவுனில் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள்.

இட்லித் தட்டு

முதலில் கூப்பிட்டவர் ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர். அவருடைய ஸ்கூட்டருக்கு என்னைவிட வயது அதிகம். கார்புரேட்டரில் அடைப்பு. எனக்கு ஒரு பயம் உண்டு, கழற்றிய வரிசை மறந்துவிடும் என்று. அதனால் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம் எடுத்துக்கொள்வேன். கழற்றியதை ஒரு பழைய இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போடுவேன். குழிகளுக்குச் சாக்பீஸால் எண் எழுதி வைத்திருந்தேன்.

கண்டக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுக்க முழுக்கப் பார்த்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர், இட்லி எப்போது வேகும் என்று கேட்டுவிட்டுப் போனார். என் காது சூடாகிவிட்டது, ஆனால் வரிசையை விடவில்லை. இரண்டாவது உதையில் ஸ்கூட்டர் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் உள்ளே போய்ச் சலவைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, பஸ் நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். அவர் முதுகு நிமிர்ந்திருந்ததைப் பார்த்து என் முதுகும் தானாக நிமிர்ந்தது. டீ கொண்டுவந்த அவர் மனைவி என் போனை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ போட்டோ புடிக்கலப்பா."

நைனார்பாளையத்துப் புளியமரம்

ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம் கழித்து நைனார்பாளையத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் வீட்டிலிருந்து நன்றாகக் கிளம்புகிறது, சின்னசேலம் போகும் வழியில் ஒரு புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே நின்றுவிடுகிறது. தினமும் இதே கதை. மூன்று மெக்கானிக்குகள் பார்த்தாயிற்று. பிளக் புதுசு, வயர் புதுசு, கார்புரேட்டர்கூடப் புதுசு. கடைசியில் வீட்டில் எல்லோரும் கூடி, கோளாறு வண்டியில் இல்லை, மரத்தில்தான் என்று முடிவுக்கு வந்து, ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள்.

நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மரம் வந்தது. வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. உண்மையைச் சொல்கிறேன், நானும் ஒரு முறை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டேன். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசி முனை அளவு ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையின் மேல் கச்சிதமாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம், இரண்டும் காய்ந்து கல்லாகியிருந்தன. காற்று போகாததால் கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். வீட்டிலிருந்து அந்தக் கொஞ்ச தூரத்தில் இருந்த பாவத்துக்குப் புளியமரத்தின் மேல் பழி.

ஒரு குண்டூசியால் வேலை முடிந்தது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த அவர் மனைவியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். வண்டி செய்தவன் ஓட்டையை வேறு இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்துவிட்டார். அதற்குப் பிறகு நைனார்பாளையத்திலிருந்து வரிசையாக வண்டிகள் வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அந்த விவசாயி என்னைப் பற்றி ஊரில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிற வரைக்கும்: "தைரியமா குடுங்க, அந்தப் புள்ள எஞ்சினத் தொடவே தொடாது."

செப்பு வளையம்

கார்த்திகை முடிவதற்குள் என் பெயர் நன்றாகப் பரவிவிட்டது, எஞ்சினைத் தொடாதவன் என்று. அம்மா நாட்களை எண்ணவில்லை, நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சங்கராபுரம் பக்கம் செல்வியக்கா என்று ஒருவர். கொல்லை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, டீசல் எஞ்சின் வைத்து நெல்லுக்குத் தண்ணீர் இறைக்கிறவர். ஒரு நாள் காலையில் அந்த எஞ்சினுக்கு ஆயில் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மதியம் வீட்டில் இட்லித் தட்டைத் துடைக்கும்போது நான்காம் குழியில் ஒரு செப்பு வளையம் கிடந்தது. ஆயில் வடிக்கிற அடி போல்ட்டுக்கு அடியில் போட வேண்டிய வளையம். அது இல்லாவிட்டால் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஆயில் தீர்ந்த எஞ்சின் ஓடினால் உள்ளே கடித்துப் பிடித்துக்கொள்ளும். அத்தனை படம் எடுத்தவன், மாட்டும்போது கடைசிப் படத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்றே யோசித்தேன். சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லிவிட்டு வளையத்தை மாட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது. போய் நின்றபோது அக்கா கையில் எஞ்சின் கைப்பிடியோடு கொட்டகைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் யோசித்து வைத்தது எதுவும் வரவில்லை. அக்கா, ஓட்டாதீங்க, நான் தப்பாக மாட்டிவிட்டேன் என்றுதான் வந்தது. அடியில் உள்ளங்கை அளவுக்கு ஆயில் கசிந்திருந்தது. வடித்து, வளையத்தைப் போட்டு, திரும்ப ஊற்றி, நானே கைப்பிடி சுற்றி ஓட்டிக் காட்டினேன். இனி என்னைக் கூப்பிட மாட்டார் என்று நினைத்துக்கொண்டு சாமான்களை எடுத்து வைத்தேன். அவர் கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்குதுன்னு சொல்லிட்டுப் போனவங்க நெறைய பேருடா. தப்பு பண்ணிட்டேன்னு திரும்பி வந்தவன் நீ ஒருத்தன்தான்."

மோர் நிறத்தில் ஆயில்

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து புளியும் கடுக்காயும் இறக்கிக்கொண்டு வரும் ஜீப்காரர், சங்கராபுரம் வந்தால் செல்வியக்கா கொல்லையோரம்தான் வண்டியை நிறுத்துவார். அக்கா சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டார். மார்கழி பிறந்து பாதி ஆகியிருந்தது. வண்டியை யார் வீட்டிலும் விட்டுவிட்டுப் போக மாட்டார்; மலைக்கு வந்து தன் கண் முன்னால் பார்க்க வேண்டும் என்றார். பஸ் பிடித்துப் போனேன்.

அந்த ஊருக்கு அந்த ஜீப்தான் எல்லாம். ரேஷன் அரிசி அதில்தான் ஏறும், காய்ச்சல்காரர்கள் அதில்தான் இறங்குவார்கள். ஒரு வருடமாக எஞ்சின் கொதிக்கிறது. ரேடியேட்டர் கசிந்தபோது மலையில் எல்லோரும் செய்கிற வைத்தியம் செய்திருக்கிறார், மஞ்சள் தூளை அள்ளிப் போடுவது. சின்ன ஓட்டையை அது அடைக்கும், உண்மைதான். இவர் மாதம் ஒரு முறை போட்டிருக்கிறார். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் மோர் நிறத்தில் இருந்தது. தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. எஞ்சினைத் திறந்தே ஆக வேண்டும். காயலான் கடைக்காரர் ஒருவர் பொங்கல் கழித்து வந்து வண்டியைத் தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஐந்து மாதமாகக் காத்திருந்த வேலை என் முன்னால் நின்றது, நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன். இவரிடம் மறைக்கக் கூடாது என்று தோன்றியது. கல்லூரியில் பத்துப் பேராகச் சேர்ந்து ஓர் எஞ்சினைத் திறந்திருக்கிறேன், தனியாக இதுவரை ஒன்றைக்கூடத் திறந்ததில்லை, அண்ணே, யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அதான் தெரியுமே தம்பி. ஓடலன்னா ஓடலன்னு சொல்லிடுவன்னு அக்கா சொல்லுச்சி, எனக்கு அது போதும், தொற."

மூன்றாம் வளைவு

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால், தண்ணீர் ஓடும் வழியெல்லாம் மஞ்சள் சாந்து. கம்பியால் குத்திக் குத்தி இரண்டு நாள் எடுத்தேன். சூட்டில் ஹெட்டின் அடிப்பாகம் லேசாக வளைந்திருந்தது. அதைக் கோணியில் சுற்றி, நானும் ஜீப்காரரும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி லேத் பட்டறைக்குப் போய்ச் சமன்படுத்திக்கொண்டு வந்தோம். கேஸ்கெட் புதுசு, ரேடியேட்டருக்கு ஒழுங்கான பற்றவைப்பு. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, அளவு காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து முடுக்கினேன். ஒவ்வொரு போல்ட்டும் அளவுக்கு வந்து டக்கென்று சொல்லும்போது சுற்றி நின்றவர்கள் சத்தமாக எண்ணினார்கள். ஒரகடத்தில் இரண்டு வருடம் முடுக்கியபோது அதை ஒருவரும் எண்ணியதில்லை.

போகிக்கு முந்தின நாள் ஓட்டிப் பார்த்தோம். முதலில் காலி வண்டியாக ஓட்டலாம் என்றேன். காலி வண்டி எதுவும் மலை ஏறும், லோடோடு ஏறினால்தான் வண்டி என்றார் ஜீப்காரர். கச்சிராயபாளையம் போய், பொங்கல் சாமான் வாங்க வந்த ஊர்க்காரர்கள், வெல்லம், அரிசி மூட்டை, இரண்டு சேவல், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். தண்ணீர் கேனை மடியில் வைத்துக்கொண்டு, சூடு காட்டும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் கொண்டை ஊசி வளைவில்தான் வண்டி எப்போதும் கொதித்து நிற்குமாம். அது நெருங்கும்போது பின்னால் சலசலப்பு. ஒரு வருடப் பழக்கத்தில் இரண்டு பேர் இறங்கத் தயாராகக் காலைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். ஜீப்காரர் நிறுத்தவில்லை. முள் பாதியைத் தாண்டவில்லை. நான்காம் வளைவு, ஐந்தாம் வளைவு, மேலே வெள்ளிமலையும் தாண்டி, ஊருக்குள் போய்த்தான் வண்டி நின்றது.

ஜீப்காரர் எஞ்சினை அணைக்காமல், இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பானெட் மேல் கையை வைத்துப் பார்த்தார். எடுக்க மனசில்லாமல் அங்கேயே வைத்திருந்தார். நான் போனை எடுத்து ஒப்பந்தக்காரருக்கு 'வரவில்லை' என்று அடித்து அனுப்பினேன். அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சொல்ல யாராவது வேண்டுமே என்று திரும்பினால், அரிசி மூட்டையோடு இறங்கிய ஓர் அம்மா நேராக என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார். நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று இறங்கி நின்றேன். "நீதான் வண்டிய சரி பண்ணவனா? மூணாவது வளைவுல எறங்கித்தான் நாங்க ஒண்ணுக்குப் போயிக்கினு, வெத்தல போட்டுக்கினு, நாலு வார்த்த பேசிக்கினு வருவோம், இனிமே எங்கடா நிறுத்துவான் இவன்?"

அன்றிலிருந்து எந்த எஞ்சினைத் திறந்தாலும், மூடுவதற்கு முன் அதன் கோளாறு யார் யாருக்குச் சௌகரியமாக இருந்தது என்று ஒரு முறை விசாரித்துவிட்டுத்தான் போல்ட்டை முடுக்குகிறேன்.